ஒதுங்கிப் போகிறவர்கள்

கண்ணுக்கு ஒரு சொட்டு. மொத்தம் இரண்டே சொட்டு. தல்கோல் கிராமத்தின் நூற்றுப்பதினேழு குடியிருப்பாளர்களும் ஆவுடையின் உலகத்திலிருந்து அழிந்துபோனார்கள்.

"எரியுதா அக்கா?" என்று கேட்டாள் மி-ரான்.

"இல்ல. சில்லுனு இருக்கு."

"அப்ப ஏறிடுச்சு. இந்தப் பொத்தானைக் காதுல வச்சுக்கோங்க. ஆறு மணி நேரத்துக்கு அவங்க உங்க கண்ணுலயும் பட மாட்டாங்க, காதுலயும் விழ மாட்டாங்க."

தரமணி அலுவலகத்தில் இந்தச் சொட்டைச் சோதித்துச் சான்று கொடுக்கும் குழுவுக்கு ஒன்பது வருடமாக ஆவுடைதான் தலைவி. ஆனால் தன் கண்ணில் விட்டுக்கொள்வது இதுதான் முதல் தடவை. சொந்த ஓட்டலில் சாப்பிடாத சமையல்காரர் மாதிரி.

மி-ரான் அசல் கொரியாக்காரி, தல்கோலின் நிர்வாக அதிகாரி. அப்பாவுக்குக் கார் தொழிற்சாலையில் வேலை என்பதால் ஸ்ரீபெரும்புதூரில் பன்னிரண்டு வருடம் வளர்ந்தவள். ஷேர் ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்குத் தமிழ் வைத்திருந்தாள்.

அவர்கள் நின்றிருந்தது கிராமத்தின் நுழைவு மண்டபம். வெளியே சியோல் நகரத்துக் கண்ணாடிக் கோபுரங்கள் நாலு பக்கமும் வெயிலை விழுங்கி நின்றன. நடுவில் ஓர் உயரமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அறுபது ஓட்டு வீடுகள். சொட்டு விடாமல் யாரையும் மதிலைத் தாண்ட விடுவதில்லை.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு குடும்பம் தமிழ் பேசியது. திருப்பூர்க்காரர், மனைவி, பத்து வயதில் ஒரு பெண். அந்த மனிதருக்கு ஏற்கெனவே முகம் கடுத்திருந்தது.

"ஏனுங்க அம்மணி, ஆளே தெரியாத ஊரைப் பாக்கறதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?"

"சித்த சும்மா இருங்க," என்றாள் மனைவி.

மி-ரான் சிரித்தாள். "ஆளு இருக்காங்க சார். முன்னாடி எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. ஒரு நாளைக்கு இருபதாயிரம் பேர். ஊர்க்காரங்க பல்லு தேய்க்கறதை போட்டோ எடுத்தாங்க. காகித ஜன்னல்ல விரலால ஓட்டை போட்டு உள்ள பாத்தாங்க. எவ்வளவு நாள் தாங்குவாங்க? ஒவ்வொரு குடும்பமா காலி பண்ண ஆரம்பிச்சாங்க."

"போனாப் போறாங்க. வீடு இருக்குதில்ல?"

"ஆளு இல்லாட்டி அது கிராமம் இல்ல சார், சினிமா செட்டு. இங்க சட்டமே அப்படித்தான். அடுப்பு எரியணும், சாடியில ஊறுகாய் இருக்கணும், வீட்டுல ஆளு படுக்கணும். தலை எண்ணிக்கை குறைஞ்சா 'பாதுகாக்கப்பட்ட கிராமம்'ங்கற அந்தஸ்து போயிடும். அடுத்த மாசமே இங்கயும் ஒரு டவர் நிக்கும். அதான் அவங்க பிடரியில, தோலுக்கு அடியில, நெல்லு மாதிரி ஒரு மணி வச்சிருக்கோம். அந்த மணி இருக்கற ஆளை உங்க சொட்டு மறைச்சிடும், போன் கேமராவும் அழிச்சிடும்."

"அவங்க எங்களைப் பாப்பாங்களா?"

"நல்லாப் பாப்பாங்க."

திருப்பூர்க்காரர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

மண்டபச் சுவரில் ஆளுயரத் திரை ஒன்று இருந்தது. அதில் ஓடிய படத்தை மி-ரான் பெருமையாகக் காட்டினாள். "உங்க படம்தான் அக்கா. இதைப் பாத்தாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கையே வருது."

ஆவுடைக்கு அந்தப் படம் மனப்பாடம். கற்கள் பாவிய ஒரு முற்றம். ஓரத்தில் இலை உதிர்ந்த பெர்சிமன் மரம், கிளையில் ஆரஞ்சு நிறப் பழங்கள். அதன் கீழே மூன்று படிகளில் கரும்பழுப்புச் சாடிகள். முற்றத்தின் நட்டநடுவே ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளே வருகிற கூட்டம் அந்த ஒன்றுமில்லாத இடத்தை நெருங்கியதும் ஆறு பாறையைக் கண்டதுபோல் இரண்டாகப் பிரிந்து, ஒதுங்கி, அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொண்டது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒதுங்குகிறோம் என்றே யாருக்கும் தெரியவில்லை. மணி இருக்கிற இடத்தில் கால் தானாக விலகும்படி சொட்டு பார்த்துக்கொள்ளும். நாற்பது நிமிடப் படம். ஓரத்தில் தேதி: நவம்பர் 9. இரண்டு வருடத்துக்கு முன்பு.

படத்தின் கீழே சான்று: 'குறை ஏதும் இல்லை. ஆவுடை, தரமணி.'

* * *

அவள் இங்கே வந்ததற்கு அலுவலகக் காரணம் ஒன்று. உண்மைக் காரணம் வேறு.

அலுவலகக் காரணம் ஒரு புகார்க் கோப்பு. இரண்டரை வருடத்தில் தல்கோல் பார்வையாளர்கள் கொடுத்த அறுபத்து மூன்று புகார்கள். எல்லாமே 'யாரோ என்னைத் தொட்டார்கள்' என்பதுதான். கண்ணையும் காதையும் மூடிவிட்ட சொட்டு, தோலை மூடவில்லை. அதையும் மூடுவதற்கு ஏழாம் பதிப்பு தயாராக இருந்தது. அது வந்துவிட்டால் மணிக்காரர் இடித்தாலும் தெரியாது, பிடித்தாலும் தெரியாது. நேரில் போய்ச் சோதித்து ஆவுடை கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

உண்மைக் காரணம் அவள் தம்பி குற்றாலிங்கம்.

வண்ணப்பூச்சுப் பட்டறை வேலைக்கென்று கொரியாவுக்கு வந்தவன். அனுமதிக் காலம் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைலருந்து புது வேலை. போன் வச்சுக்கக் கூடாதாம். பழைய காலத்து வீட்டுல அடுப்பு எரிக்கணும், அவ்ளோதான். ஒருத்தரும் என்னையப் பாக்க மாட்டாங்களாம்."

"உன் மூஞ்சிய எவம்ல பாப்பான்," என்று சிரித்தாள் ஆவுடை.

அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு ஒன்றுமில்லை. ஏதோ தோட்டத்துப் பங்களாவில் காவல் வேலை என்று நினைத்தாள். தேடாத இடமில்லை. சங்கரன்கோவிலில் அம்மா ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள்: "நீ போயி அவன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துருட்டீ."

போன மாதம்தான் அந்தப் புகார்க் கோப்பு மேசைக்கு வந்தது. அறுபத்து மூன்றில் நாற்பத்தோரு புகார்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. ஒரு ஜெர்மன் பேராசிரியை எழுதியிருந்தாள்: 'முதலில் என் காலில் ஏதோ இடித்தது. உடனே இரண்டு விரல்கள் என் தோளை மெல்லத் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டன.' ஜப்பானியர் ஒருவர்: 'காலில் இடி. பிறகு முழங்கையில் ஒரு தொடுகை. மிக மரியாதையாக இருந்தது.'

அலுவலகத்தில் எல்லாரும் நரம்புக் கோளாறு என்றார்கள். ஆவுடைக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் கொரியாவில் ஏது? நம் ஆட்கள் யோசித்துச் செய்வதில்லை அதை. கை தானாகப் போகும். வேலை போகும் என்றாலும் போகும்.

கடைசிப் புகாரின் தேதி போன மாதம். அப்படியென்றால் இருக்கிறான்.

மிச்ச இருபத்திரண்டு புகார்களும் வேறு தினுசு. கையைப் பிடித்து இழுத்தது, சட்டையைப் பற்றியது. அத்தனையும் ஒரே காலையில் வந்தவை. அன்றைக்குச் சொட்டு மருந்தில் ஏதோ கலப்பு என்று எழுதி முடித்திருந்தார்கள். அவளும் அதைப் புரட்டிவிட்டு மேலே போய்விட்டாள். அவள் தேடியது காலும் தோளும்தான்.

* * *

மதிலைத் தாண்டினார்கள்.

கல் பாவிய சந்துகள். இரு பக்கமும் இடுப்புயர மண்சுவர்கள், அவற்றின் தலையிலும் குட்டி ஓடுகள். எல்லா வீட்டுப் பின்புறத்திலும் புகை. தரைக்கு அடியில் தீ மூட்டிக் கூடத்தைச் சூடாக்கும் பழைய ஏற்பாடு. புகை வராவிட்டால் பார்வையாளர்கள் ஏமாந்துபோவார்கள் என்றாள் மி-ரான்.

ஊர் காலியாக இருந்தது. காலியாக இருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வாசலில் மரப்பலகைமேல் முள்ளங்கித் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. மணிக்காரர் கையில் இருக்கும்வரை எந்தப் பொருளும் தெரியாது. கீழே வைத்தால் தெரியும். அது ஆவுடையின் குழு வகுத்த விதி. தரமணியில் அது ஒரு வரி. இங்கே அது பலகைமேல் வந்து விழும் முள்ளங்கி.

"நீங்க சொட்டு விட்டுக்கலையா?"

"எனக்கு எதுக்குக்கா? நான் இங்க வேலை பாக்கறவ. எங்க ஆறு பேருக்கு மட்டும் அவங்க தெரிவாங்க."

அதற்குப் பிறகு ஆவுடை வீடுகளைப் பார்க்கவில்லை. மி-ரானின் கண்களைப் பார்த்தாள்.

ஒரு திருப்பத்தில் மி-ரான் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கினாள். தாடையை லேசாக அசைத்தாள்.

"யாரு?"

"ஒரு வயசானவர். வணக்கம் சொன்னாரு."

வயதானவர் வணக்கம் சொல்ல, ஒரு கொரியப் பெண் குனியாமல் நிற்பதா? தரமணிக்கு வருகிற கொரியர்கள் லிஃப்டுக்குள்கூடக் குனிவதை அவள் பார்த்திருக்கிறாள். மி-ரானின் தாடை வணக்கம் சொல்லவில்லை. 'அந்தப் பக்கம் போ' என்றது.

"பதிவேட்டுல வெளிநாட்டுக்காரங்க யாராவது இருக்காங்களா?" சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"இங்கயா? எல்லாம் ஆறு தலைமுறைக் குடும்பங்க. எங்க வீடே இருக்கு, இருபத்து மூணாம் நம்பர். எங்கப்பா பேர்ல."

"அப்பா இப்ப வீட்டுல இருக்காரா?"

மி-ரான் பதில் சொல்வதற்குள் அவள் கைப்பேசி சிணுங்கியது. பேசிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அந்தத் திருப்பூர் சார், ஆளு இருக்காங்களான்னு பாக்கறேன்னு ஒரு வீட்டுக் கதவைத் தள்ளிட்டு உள்ள போயிட்டாராம். தமிழ் பேசித்தான் வெளிய கொண்டுவரணும். பத்து நிமிஷம் அக்கா. இங்கயே நில்லுங்க."

அவள் மறைந்ததும் ஆவுடை நடையை ஓட்டமாக்கினாள்.

நாற்பத்தோரு புகாரில் இருபத்தொன்பது ஒரே இடத்தில் நடந்தவை. கிணற்றடிச் சந்து. ஒரு ஆள் அகலம்தான். ஒதுங்க இடமில்லாததால் சொட்டின் வித்தை அங்கே பலிப்பதில்லை. அந்தச் சந்தின் நடுவில் போய் நின்று, சுவரில் சாய்ந்து, வலது காலைக் குறுக்கே நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் தம்பியைத் தடுக்கி விழ வைக்க இப்படித்தான் நீட்டுவாள்.

ஒரு ஜோடி வந்தது, முறைத்துவிட்டுத் தாண்டிப் போனது. பிறகு ஒருவருமில்லை. மூன்று நிமிடம். நான்கு.

கணுக்காலில் ஏதோ மோதியது. தண்ணீர் கல்லில் சிந்தியது.

ஆவுடை காலை எடுக்கவில்லை.

இடது தோளில் இரண்டு விரல்கள். இறகு விழுந்ததுபோல்.

அவை திரும்புவதற்குள் எட்டிப் பிடித்துக்கொண்டாள். வெறும் காற்றில் ஒரு மணிக்கட்டு, சூடாக, ஈரமாக. அது திமிறியது.

"ஏல குத்தாலம், அக்காதாம்ல. நான்தாம்ல வந்திருக்கேன்."

திமிறல் நின்றது.

அவள் இரண்டு கையாலும் அந்தக் கையைத் தடவினாள். அப்பாவின் மர அறுப்பு மில்லில் ஏழு வயதில் குற்றாலிங்கத்தின் இடது கட்டைவிரல் பாதி போய்விட்டது. இது இடது கைதான். கட்டைவிரல் முழுசாக இருந்தது. நகம் இருந்தது.

மறுபடி தடவினாள். நகம் இருந்தது.

"யாரு?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தமிழா?"

அந்தக் கை அவள் உள்ளங்கையைத் திருப்பியது. ஒரு விரல் அதில் எழுத ஆரம்பித்தது. மெதுவாக, எழுத்து எழுத்தாக. இ. ரு. த. ய. ம். கொஞ்சம் நிறுத்திவிட்டு, மண்டபம் என்று எழுதியது. ஊர்ப் பெயர், இராமேசுவரத்துக்கு எதிர்க்கரை. மீன்பிடிக் கப்பலில் வந்து கரையேறித் தப்பியவனாக இருக்கும்.

"இருதயம், உங்களுக்குக் குத்தாலத்தைத் தெரியுமா? சங்கரன்கோவில். இந்த விரல் பாதி இருக்காது."

அவள் உள்ளங்கையை அந்தக் கை மூடிக்கொண்டது. பிறகு அவளை இழுத்துக்கொண்டு நடந்தது.

* * *

அம்மா சொன்னபடி ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

சந்து ஒரு முற்றத்தில் திறந்தது. கதவு நிலையில் இருபத்து மூன்று என்று எண். பத்துப் பதினைந்து பார்வையாளர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடை முதலில் பார்த்தது பெர்சிமன் மரத்தை. அப்புறம் மூன்று படிகள். கரும்பழுப்புச் சாடிகள்.

அவள் சான்று கொடுத்த படத்தின் முற்றம்.

கை அவளை நட்டநடுவுக்குக் கொண்டுபோனது. கீழே இழுத்தது. அவள் மண்டியிட்டாள். கை அவளுடைய கையைக் கொண்டுபோய் ஒரு கல்லின்மேல் வைத்தது. பிறகு உள்ளங்கையைத் திருப்பி எழுதியது.

இங்கே.

"என்ன செஞ்சது அவனுக்கு?"

தரைக்கடியில் புகை. தரையில் விரிசல். மூச்சு இல்லை. வெளியே ஓடி வந்து விழுந்தான்.

"நீங்க எல்லாரும் எங்க போனீங்க? தூக்கிட்டு ஓடியிருக்கலாமே?"

வாசல் மாலை ஐந்துவரை மணிக்காரரை வெளியே விடாது. போன் இல்லை. விரல் வேகமாக எழுதியது, அவளால் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. யாராவது போன் செய்தால் போதும். கையைப் பிடித்து இழுத்தோம். எல்லார் கையையும்.

இருபத்திரண்டு புகார்கள். ஒரே காலை.

"தேதி தெரியுமா?" என்று கேட்டாள். கேட்காமலேயே தெரிந்தது. கோப்பின் அந்தப் பக்கம் கண்முன் வந்து நின்றது. நவம்பர் 9. படத்தின் ஓரத்திலும் நவம்பர் 9. இரண்டு தேதியையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்தான்?"

விரல் 'நா' என்று எழுதியது. அவள் உள்ளங்கையை மூடிக்கொண்டாள். மிச்சத்தை எழுத விடவில்லை; படம் எத்தனை நிமிடம் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா."

முற்றத்து வாசலில் மி-ரான். அவள் பார்வை ஆவுடையின்மேல் இல்லை. பக்கத்துக் காற்றின்மேல் இருந்தது. கொரிய மொழியில் இரண்டே சொல் சொன்னாள். பிடித்திருந்த கை நழுவிப் போயிற்று.

"அவரை ஒண்ணும் செய்யாதீங்க," என்றாள் ஆவுடை.

"என்ன செய்யப் போறேன்? அவரு போயிட்டா எண்ணிக்கை ஒண்ணு குறையும்." மி-ரான் வந்து சாடிப் படியில் உட்கார்ந்தாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "புகார்க் கோப்பைப் படிச்சு ஒரு தமிழ் ஆளு கண்டுபிடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கால் பட்டுட்டா அவங்க கை நிக்காது. எவ்வளவோ திட்டிட்டேன். ஸ்ரீபெரும்புதூர்ல நானே அப்படித்தான் செஞ்சிட்டிருந்தேன்."

"நூத்திப்பதினேழு பேர்ல ஊர்க்காரங்க எத்தனை பேரு?"

"நாலு."

"மத்தவங்க?"

"நேப்பாளம், வியட்நாம், உங்க ஊரு, எங்கெங்கயோ. காகிதம் இல்லாதவங்க." எழுந்து, ஓட்டுக் கூரைகளுக்கு மேலே நின்ற ஒரு கோபுரத்தைக் காட்டினாள். "எங்கப்பா அங்க, இருபத்திரண்டாவது மாடியில. எண்பத்தோரு வயசு. காலையில விறகு வெட்டி அடுப்பு எரிக்கச் சொல்றீங்களா? ஊர்ல எல்லா வீட்டுலயும் இதே கதைதான். யாரும் பாக்கப் போறதில்ல. அப்புறம் யாரு இருந்தா என்ன? மணியை எடுத்து இன்னொருத்தர் கழுத்துல வச்சாச் சரி. எண்ணிக்கை சரியா இருக்கும், புகையும் வரும்."

"எந்தம்பி கழுத்துல இருந்தது..."

"எங்கப்பாவோட மணி. இப்ப இருதயத்துகிட்ட இருக்கு; அவரோட பழைய மணியைப் புதுசா வந்த ஆளுக்கு வச்சாச்சு."

ஒரு சுற்றுலாக் கும்பல் உள்ளே வந்தது. முற்றத்தின் நடுவே ஒரு பெண் மண்டியிட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் படம் எடுத்தார்கள்.

"அவனை என்ன செஞ்சீங்க?"

"எரிச்சோம். எங்கப்பா பேர்ல செய்ய முடியாது, அவரு உயிரோட இருக்காரு. உங்க தம்பி பேரு எந்தக் காகிதத்துலயும் இல்ல. பேரு இல்லாமத்தான்." மி-ரான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "நான் வந்தேன்க்கா. ஓடித்தான் வந்தேன். லேட்டாயிடுச்சு. அன்னைக்கு நான் டவர்ல மீட்டிங்ல இருந்தேன். தரமணிக்கு நேரலையில இந்த முற்றத்தைக் காட்டிட்டிருந்தோம். ஜனம் என்னமா ஒதுங்கிப் போகுதுன்னு எல்லாரும் கைதட்டினாங்க. நீங்களும் ஸ்க்ரீன்ல இருந்தீங்க."

ஆவுடைக்கு ஞாபகம் வந்தது. மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். முதலில் கைதட்டியது அவள்தான்.

"ஏழாம் பதிப்புக்குக் கையெழுத்து போட்டுடுங்க," என்றாள் மி-ரான். "இனிமே தொட்டாலும் யாருக்கும் தெரியாது. அவங்களுக்கும் அதான் நல்லது. இழுத்துப் பாக்கற ஆசையே வராது."

* * *

நுழைவு மண்டபத்தில் வெளியேறுகிறவர்களின் வரிசை. ஒவ்வொருவர் கண்ணிலும் தெளிவுச் சொட்டு விட்டு அனுப்பினார்கள்.

ஆவுடை வரிசையில் நிற்கவில்லை. திரைக்கு எதிரே போய் நின்று பையிலிருந்து அலுவலகத் தொடுதிரைப் பலகையை எடுத்தாள். சுவரில் ஓடும் படம் தரமணியிலிருந்துதான் வருகிறது, அவளுடைய பெட்டகத்திலிருந்து. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி உண்டு. ஆட்களை அழித்தது ஒன்று, அழிக்காதது ஒன்று. இரண்டையும் ஒப்பிடுவது இயந்திரம். அழிக்காததை மனிதர்கள் திறந்து பார்ப்பதில்லை. குடியிருப்பாளர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற அப்படி ஒரு விதி. அதையும் எழுதியவள் அவள்தான்.

அழிக்காததைத் திறந்து சுவருக்கு அனுப்பினாள். அவள் கண்ணில் சொட்டு இன்னும் இருந்தது. ஆனால் சொட்டு மறைப்பது மணியைத்தான். படத்தில் மணி இல்லை.

அதே முற்றம், அதே மரம், அதே சாடிகள். நடுவில் வெள்ளைக் கொரிய உடையில் ஒருவன் ஒருக்களித்துக் கிடந்தான். முழங்கால் மார்போடு சேர்ந்திருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சுருண்டு படுப்பான். கூட்டம் அவனை நெருங்கி, இரண்டாகப் பிரிந்து, ஒதுங்கி, அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. நாலைந்து பேர் கூட்டத்துக்குள் ஓடி ஓடி ஒவ்வொருவர் கையையும் பிடித்து இழுத்தார்கள். ஒரு பெண்மணி ஈயை விரட்டுவதுபோல் கையை உதறிக்கொண்டாள். கிடந்தவன் ஒரு கையைத் தூக்கினான். அந்தக் கட்டைவிரல் பாதிதான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து ஆவுடை தன் தம்பியைப் பார்த்தாள்.

மண்டபம் மெல்ல மெல்ல அமைதியானது. முன்னூறு பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவராகத் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். மி-ரான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். சுவரோரம் இருந்த விசையில் கை வைத்துவிட்டாள்.

யாரோ கைதட்டினார்கள்.

"அடேங்கப்பா. இங்க பாரு கண்ணு, இப்பத்தான் வெளங்குது." திருப்பூர்க்காரர்தான். மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக் காட்டினார். "ஆக்டருங்கள வச்சு எடுத்திருக்காங்க. நடுவுல ஒருத்தன் கெடக்கறான், நாலு பேரு புடிச்சு இழுக்கறாங்க, ஒருத்தருக்காச்சும் தெரியுதா பாரு. என்ன டெக்னிக்கு. இதை முதல்லயே போட்டிருந்தா நான் எதுக்கு அந்த வூட்டுக்குள்ள போறேன்?"

"படுத்திருக்கறவரு நல்லா நடிக்கறாருங்க," என்றாள் அவர் மனைவி.

இன்னும் சிலர் கைதட்டினார்கள். அது பரவியது. ஜெர்மன்காரர்கள், ஜப்பானியர்கள், எல்லாரும். கைப்பேசிகள் உயர்ந்தன.

"நடிகர் இல்ல," என்றாள் ஆவுடை. கைதட்டலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

விசையில் வைத்த கையை மி-ரான் மெல்ல எடுத்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஊழியரிடம் கொரிய மொழியில் ஏதோ சொன்னாள். கையிலிருந்த பலகை அதை மொழிபெயர்த்து ஆவுடைக்குக் காட்டியது: 'இருக்கட்டும். இதையே ஓட விடுங்கள்.'

ஆவுடை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பலகை மடியில் கிடந்தது. அதில் ஏழாம் பதிப்பின் படிவம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வரிசை நகர ஆரம்பித்தது.

மகளைத் தோளில் வைத்துக்கொண்டு போன திருப்பூர்க்காரரின் கால், நீட்டியிருந்த அவள் காலில் இடித்தது.

"அடடா." உடனே குனிந்தார். இரண்டு விரலால் அவள் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தெரியாமப் பட்டுருச்சுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

அவர் போனார். பின்னால் வந்தவர்கள் அவளை நெருங்கி, இரண்டாகப் பிரிந்து, ஒதுங்கி, அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். யாரும் அவளை இடிக்கவில்லை.